ஒரு பவுனுக்கு 235 செல்போன்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் விடாமல் பாடம் நடத்துகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது அடிக்க மணியும் இல்லை.

போன மாதம் ஒரு நாள் காலை. சிதம்பரத்தில் எங்கள் தெருவுக்குள் ஒரு குட்டியானை வண்டி நுழைந்தது. மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல்: "பழைய செல்போன், உடைஞ்ச செல்போன், ஓடாத செல்போன், தலைமுடி எடுக்கிறோம்மா... குடம், டப்பா, அன்னக்கூடை தர்றோம்மா..." என் மனைவி மேஜை இழுப்பறையைக் கவிழ்த்தாள். ஆறு செல்போன்கள் இருந்தன. எல்லாம் எங்கள் வீட்டில் ஓடி ஓய்ந்தவை. நான் அவற்றை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

வண்டிக்காரர் பையை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். "சார், என்னைத் தெரியலையா?" என்றார். பெயரைச் சொன்னதும் தெரிந்தது. 1996-இல் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெயரை இங்கே எழுத வேண்டாம். அந்த ஆண்டு மாணவர்கள் ஊகித்தாலும் கருத்துப் பகுதியில் போடாதீர்கள்.

திண்ணையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தோம். பேச்சுக்கு நடுவே இருமினான். சளி இருமல் இல்லை, காய்ந்த இருமல். "இதையெல்லாம் வாங்கிட்டுப் போயி என்னப்பா பண்ணுவே?" என்று கேட்டேன்.

"இப்ப நான் கை வைக்கிறதில்ல சார். மூட்டை கட்டி மெட்ராஸ் வியாபாரிக்கு அனுப்பிடுவேன். முன்னாடி நாலஞ்சு வருசம் நானே பிரிச்சு, போர்டை ஆசிட்ல போட்டுத் தங்கம் எடுத்தேன். நீங்க அந்த மெடல் கதை சொல்லுவீங்கல்ல, அதுதான் சார் எனக்கு முதல் பாடம்." சிரித்துக்கொண்டே, பெருமையாகத்தான் சொன்னான்.

அந்தக் கதை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் எட்டாம் வகுப்பில் அமிலங்கள் பாடம் வரும்போது சொல்வேன். 1940 ஏப்ரல் மாதம் ஜெர்மன் படை டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகருக்குள் நுழைகிறது. அங்கே நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் மாக்ஸ் ஃபான் லவே, ஜேம்ஸ் ஃபிராங்க் ஆகிய இரு விஞ்ஞானிகளின் நோபல் பதக்கங்கள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அன்றைக்குப் பெரிய குற்றம். பதக்கத்தில் பெயர் பொறித்திருக்கிறது. அகப்பட்டால் உரியவருக்கு ஆபத்து. ஹெவெசி என்ற ஹங்கேரி வேதியியலார் இரண்டு பதக்கங்களையும் இராஜ திராவகத்தில் கரைத்துவிட்டார். ஆரஞ்சு நிறத் திரவம் அலமாரியில் மற்ற பாட்டில்களோடு பாட்டிலாக நின்றது. தேடி வந்தவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். போர் முடிந்த பிறகு அந்தத் திரவத்திலிருந்து தங்கத்தை மீட்டு ஸ்டாக்ஹோமுக்கு அனுப்ப, அதே தங்கத்தில் மறுபடி பதக்கம் வார்த்துக் கொடுத்தார்கள்.

கதையின் நடுவே, ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு என்று கரும்பலகையில் எழுதியும் போடுவேன். வகுப்பு வாயைப் பிளந்து கேட்கும். அந்தக் கலவையிலிருந்து மஞ்சளும் பழுப்புமாக ஒரு புகை எழும், அது நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கதைக்கு அது தேவைப்படவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதன் பிறகு இந்த ஒரு மாதமாக இதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குப்பையிலிருந்து தங்கம் எடுப்பது செல்போனோடு வந்த தொழில் இல்லை. என் சின்ன வயதில் தெருவில் "பழைய பட்டுச்சேலை, சரிகை வாங்குறதே..." என்று ஒரு குரல் வரும். பாட்டியின் முகூர்த்தப் புடவை நைந்து போனால் பட்டுக்கு விலை கிடையாது, சரிகைக்கு உண்டு. சேலையை எரித்து வெள்ளியைத் தனியே எடுப்பார்கள். வெள்ளிக் கம்பிக்கு மேல் பூசிய தங்கமும் அதில் இருக்கும். ஆசாரிமார் பட்டறைகள் இருக்கும் தெருக்களில் விடியற்காலையில் சாக்கடை மண்ணை வாரி, மரவையில் போட்டு அரிக்கிற பெண்களையும் பார்த்திருக்கிறேன். ராவும்போது சிதறிய பொடி அந்த மண்ணில் இருக்கும். கடைசியில் பாதரசத்தைச் சேர்த்துப் பொடியைத் திரட்டி, துணியில் பிழிந்து, நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்த் தங்கம் நிற்கும். ஆவி எங்கே போயிற்று என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அரித்த பெண்ணின் மூச்சுக்குள் போயிற்று என்று இன்றைக்குத் தெரிகிறது.

அப்புறம் கோலார். 'தங்கலான்' படம் வந்த பிறகு இந்தப் பெயர் எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. எங்கள் வீட்டில் அது அதற்கு முன்பே அடிபட்ட பெயர்தான். என் பாட்டியின் தம்பி பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே சுரங்கத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் கொண்டு வந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இருமலும் என்று பாட்டி சொல்வாள். ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கொண்டு வரவில்லை என்பது அவளுடைய நிரந்தரக் குறை.

கோலாரின் கதையும் மண் அரிப்பதில்தான் தொடங்குகிறது. 1802-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி நில அளவைக்காக அந்தப் பக்கம் போனார். தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, எடுத்துக் காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்தார் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டு வந்து அவர் கண்ணெதிரே அரித்துக் காட்டினார்கள். (இந்த வாரன் பின்னாளில் நம் நாட்டு நாட்காட்டிக் கணக்குகளைப் பற்றி 'காலசங்கலிதம்' என்று பெரிய புத்தகம் எழுதியவர். 1830-இல் நம் பக்கத்து ஊரான புதுச்சேரியில் காலமானார். அவரைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.) 1870-களில் லவெல் என்பவர் உரிமம் வாங்கினார். 1880-இலிருந்து லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி ஆழமாக இறங்கியது. வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே போனார்கள். பெரும்பாலோர் ஊரில் காணி நிலம் இல்லாத, ஒதுக்கி வைக்கப்பட்ட சாதிக்காரர்கள்.

1887-இல் கிளாஸ்கோ நகரில் மக்ஆர்தர் என்பவரும் ஃபாரஸ்ட் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதுவரை அரைத்து, எடுத்தது போதும் என்று கொட்டிய பொடி மண்ணிலிருந்தும் மிச்சத் தங்கத்தை எடுக்கலாம் என்று ஆயிற்று. கோலாரும் அதைச் செய்தது. இன்றைக்கும் அந்த ஊரில் சாம்பல் நிறக் குன்றுகள் நிற்கின்றன. இயற்கைக் குன்றுகள் இல்லை, அரைத்துக் கொட்டிய கழிவு. காற்றடித்தால் ஊருக்குள் தூசி வரும். அந்தக் கழிவு மேடுகளிலிருந்து இன்னும் கொஞ்சம் தங்கம் எடுக்க 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ஆக, எறிந்ததைத் திரும்ப அரிப்பது கோலாரிலும் முடியவில்லை.

சுரங்கம் மட்டும் முடிந்துவிட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, மொத்தத்தில் சுமார் 800 டன் தங்கம் எடுத்த பிறகு, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்தது. கடைசியில் சுமார் மூன்று கிராம்தான் தேறியது. கட்டுப்படியாகவில்லை.

இப்போது கணக்கு நோட்டை எடுங்கள். 2006-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டது. பேட்டரியைக் கழற்றிய சராசரி செல்போனின் எடை 113 கிராம். அதில் செம்பு 16 கிராம், வெள்ளி 0.35 கிராம், தங்கம் 0.034 கிராம், பல்லேடியம் 0.015 கிராம். அன்றைய பட்டன் போன்களுக்கான கணக்கு இது. ஒரு பவுன் 8 கிராம். 8-ஐ 0.034-ஆல் வகுத்தால் 235. அதாவது 235 செல்போனுக்கு ஒரு பவுன். ஒரு டன் என்றால் ஏறத்தாழ 8,850 போன்கள், அதில் 300 கிராம் தங்கம், 37 பவுனுக்கு மேல். மூடும் நாளில் கோலாரில் ஒரு டன் பாறை தந்ததைப் போல நூறு மடங்கு! பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் இறங்க வேண்டாம், மேஜை இழுப்பறையைத் திறந்தால் போதும். இதைப் படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது, ஒளிக்க மாட்டேன். வகுப்பில் இருந்திருந்தால் மறுநாளே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். புகையை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

நம் நாட்டில் செல்போன் வந்தது 1995 ஜூலை 31. கல்கத்தாவில் ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். அழைப்பு வந்தாலும் காசு, போனாலும் காசு என்றிருந்த காலம். 2003-இல் உள்வரும் அழைப்பு இலவசமானதும் ஊரெல்லாம் செல்போன் ஆயிற்று. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நம் மாணவிகள் சிலரும் சீருடை போட்டுக் கம்பெனிப் பேருந்தில் போனார்கள். முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு பேனா வாங்கி வந்தவளும் உண்டு. எட்டே ஆண்டுகள்தான். 2014 நவம்பரில் அதன் கதவு மூடிக்கொண்டது. அங்கே செய்த போன்களும் ஒவ்வொன்றாக இழுப்பறைக்கும் காயலான் கடைக்கும் போய்ச் சேர்ந்தன.

என் மாணவன் இந்தத் தொழிலுக்குப் போனதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சென்னையில் ஒரு பழைய இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். 2008-இல் கடலூர் திரும்பி, ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு கொட்டகை போட்டானாம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போர்டை கேஸ் அடுப்புல காட்டினா ஈயம் இளகிடும் சார். குறட்டால சில்லை எல்லாம் பிடுங்கிடுவோம். ஒயரை ராத்திரில கொளுத்துவோம், பகல்ல கொளுத்துனா புகையைப் பாத்து சண்டைக்கு வருவாங்க. போர்டைப் பிளாஸ்டிக் டிரம்ல போட்டு ஆசிட் ஊத்துனா கொதிக்கும். மூஞ்சில ஈரத்துண்டு கட்டிக்குவோம், அவ்வளவுதான். ஒரு மூட்டை போர்டுக்கு ஒரு மூக்குத்தி தேறும். மீதி ஆசிட்டைப் பின்னாடி குழி வெட்டி ஊத்திடுவோம். ரெண்டாவது வருசம் பக்கத்து வீட்டு அடிபம்புல தண்ணி பச்சையா வந்துச்சு சார்."

பச்சை என்றால் செம்பு. பாடத்தில் படித்ததுதான். அந்த வீட்டில் குழந்தைகள் இருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. டிரம்மில் போட்டு எடுக்கும்போது கிடைப்பது தங்கமும் கொஞ்சம் செம்பும் மட்டும். திரையில் இருக்கும் இண்டியம், மின்தேக்கியில் இருக்கும் டாண்டலம், ஒலிபெருக்கிக் காந்தத்தில் இருக்கும் நியோடிமியம் எல்லாம் குழிக்குத்தான் போகும். பேட்டரியில் லித்தியமும் கோபால்ட்டும் வேறு. உலக நாடுகள் சண்டை போட்டுக்கொண்டு தேடுகிற பொருட்கள் இவை.

இந்தக் கொட்டகை நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை. 2002-இல் அமெரிக்கத் தன்னார்வ அமைப்புகள் இரண்டு ஓர் அறிக்கை வெளியிட்டன. பணக்கார நாடுகள் தங்கள் மின்கழிவைக் கப்பலேற்றிச் சீனா, இந்தியா, பாகிஸ்தானுக்கு அனுப்புவதைப் படத்தோடு போட்டார்கள். ஆபத்தான கழிவை இப்படி நாடு விட்டு நாடு தள்ளக்கூடாது என்று 1989-லேயே பேசல் உடன்படிக்கை எழுதியாயிற்று, 1992-இல் நடைமுறைக்கும் வந்தாயிற்று. அமெரிக்கா இன்றுவரை அதில் சேரவில்லை. பழுதுபார்க்கப் போகிறது, தானமாகப் போகிறது என்று எழுதிவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். சீனாவின் குய்யூ என்ற ஊரில் அன்றைக்குத் தெருவெல்லாம் போர்டு பிரிப்பதுதான் தொழிலாக இருந்தது. அங்கே ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு டெசிலிட்டருக்குச் சராசரியாக 15.3 மைக்ரோகிராம் ஈயம். பக்கத்து ஊரில் 9.9. ஈயம் குழந்தையின் மூளையைத் தொடும். மந்தமான பிள்ளை என்று நாம் பின்வரிசையில் உட்கார வைத்தவர்களில் யார் யார் எந்தக் காற்றைச் சுவாசித்து வந்தார்களோ!

வடக்கே மொராதாபாத் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். பித்தளை வேலை படுத்தபோது உருக்கத் தெரிந்த கைகள் போர்டுக்கு மாறின. ராம்கங்கை ஆற்றங்கரையில் கறுப்புச் சாம்பல் மேடிட்டது. நம் ஊர்ச் சரக்கும் எந்த வழியாகவோ அங்கேதான் போகிறது என்கிறான் என் மாணவன். "மெட்ராஸ் வியாபாரி வடக்கே ஏத்திடுவார் சார். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

முறையாகச் செய்ய வழி இல்லையா என்றால், உண்டு. நம் பக்கத்தில் முதலில் முயன்றவர் பெங்களூருக்கு அருகே டாபஸ்பேட்டையில் 'ஈ-பரிசரா' நிறுவனத்தைத் தொடங்கிய பார்த்தசாரதி. இந்தியாவில் மின்கழிவுக்கு அரசு அங்கீகாரம் பெற்ற முதல் நிறுவனம் அது. பிரித்து, பொடித்து, தரம் பிரித்த போர்டுகளை பெல்ஜியத்தில் ஹோபோக்கன் என்ற இடத்தில் உள்ள யூமிகோர் உருக்காலைக்குக் கப்பலில் அனுப்பினார்கள். செம்பு உருக்காலைகளில் பொதுவாகச் செய்வது நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் வேலைதான். போர்டை மற்ற உலோகச் சரக்கோடு சேர்த்து உருக்கினால், உருகிய செம்பு ஒரு வலைபோலத் தங்கத்தையும் வெள்ளியையும் பல்லேடியத்தையும் இழுத்துக்கொள்ளும். பிறகு செம்பை மின்னாற்பகுத்தால் தூய செம்பு எதிர்மின்வாயில் படியும். நேர்மின்வாய்க்கு அடியில் ஒரு சேறு தங்கும். அந்தச் சேற்றில்தான் தங்கம். ஒன்பதாம் வகுப்பில் தாமிர சல்பேட் கரைசலில் இரண்டு தகடு தொங்கவிட்டுப் பார்த்தீர்களே, அதேதான்.

ஆனால் அங்கேயும் ஒரு குறிப்பு கிடைத்தது. உலகத்திலேயே சிறந்தது என்று சொல்லப்படும் அந்த ஆலையை ஒட்டிய குடியிருப்பில், 2020-இல் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பது தெரியவந்தது. சுற்றியுள்ள வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று கம்பெனியே முன்வந்தது. புகைபோக்கி உயரமானால் புகை இல்லாமல் போவதில்லை. செம்பு உருக்குவது என்றால் என்ன என்று நாம் தூத்துக்குடியில் பார்த்தோம். 2018 மே மாதம் அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலூர்ச் சிப்காட் பக்கம் வீடு உள்ள மாணவர்களுக்கு இதைப் பற்றி என்னைவிடக் கூடத் தெரியும்.

மறுபுறம் ஜப்பான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கின் சுமார் 5,000 பதக்கங்களையும் மக்கள் கொடுத்த பழைய கருவிகளிலிருந்தே செய்தார்கள். 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை நாடெங்கும் பெட்டி வைத்து, கடைகளிலும் நகராட்சிகளிலும் வாங்கினார்கள். 78,985 டன் சிறிய மின்கருவிகள், 62 லட்சத்துக்கு மேல் செல்போன்கள். கிடைத்தது 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி. ஹெவெசி பதக்கத்தைக் கரைத்தார், இவர்கள் கரைத்துப் பதக்கம் செய்தார்கள். வகுப்புக்கு ஏற்ற கதை. என்னைக் கேட்டால் இதில் பெரிய வேலை உருக்கியது இல்லை, திரட்டியது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே பரங்கிப்பேட்டையில் 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பெரிய இரும்பு உருக்காலை போட்டார். கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து போட்ட பணம். சேலத்துப் பக்கத்து இரும்புக் கல்லை அங்கிருந்து இறக்கிக் கொண்டு வரவேண்டும், உலைக்கு மரக்கரி வேண்டும். இரும்பு நல்ல தரம், இங்கிலாந்து வரை போயிற்று. ஆனால் கல் வந்து சேர்ந்த செலவும் கரிப் பஞ்சமும் ஆலையைத் தின்றுவிட்டன. நான் பரங்கிப்பேட்டைப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "எங்க ஊர்லயா சார்?" என்று நம்ப மாட்டார்கள்.

செல்போனும் அப்படித்தான். தாது வீடு வீடாகச் சிதறிக் கிடக்கிறது. 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்று ஐ.நா. சார்ந்த அறிக்கை சொல்கிறது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். நம் நாட்டில் வீடு வீடாகப் போய் அதைத் திரட்டிக் கொண்டு வருகிறவர் யார்? ஒலிபெருக்கி கட்டிய குட்டியானைக்காரர்தான். அவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

சட்டம் அவரை எப்படிப் பார்க்கிறது என்று தேடினேன். 2011-இல் மின்கழிவு விதிகள் அறிவிக்கப்பட்டு 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தயாரித்தவரே கழிவுக்கும் பொறுப்பு என்ற கொள்கை அதில் வந்தது. நல்ல கொள்கை. 2016-இல் அடுத்த விதிகள் வந்தன. அவற்றில் சேகரிப்பு மையம், பிரித்தெடுப்பவர் என்றெல்லாம் தனித்தனிப் பெயர் இருந்தது. 2023 ஏப்ரல் முதல் இப்போதைய விதிகள் நடக்கின்றன. இவற்றில் பதிவு செய்ய நான்கே வகையினர்: உற்பத்தியாளர், சந்தைக்குக் கொண்டு வருபவர், பழுது நீக்கி விற்பவர், மறுசுழற்சி செய்பவர். மீட்டெடுத்த உலோகத்துக்குச் சான்றிதழ் தருவதும் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற கணக்கில்தான். 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இன்னொரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. முக்கியக் கனிமங்களைக் கழிவிலிருந்து மீட்பவர்களுக்கு ஊக்கத்தொகை, மொத்தம் 1,500 கோடி ரூபாய். மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய நிறுவனங்களுக்கு. குழிக்குப் போன கோபால்ட்டுக்கும் லித்தியத்துக்கும் ஒருவழியாக மதிப்பு வந்தது என்று மகிழ்ந்தேன். ஆனால் கனிமத்தைப் பிரித்தே எடுக்கிறவர்களுக்குத்தான் அந்தத் தொகை. திரட்டுகிறவருக்கு இல்லை. என் மாணவன் நெஞ்சைக் கொடுத்து எடுத்த தங்கமோ அந்த முக்கியக் கனிமங்களின் பட்டியலிலேயே கிடையாது.

அவன் கொட்டகையை மூடியது 2013-இல். மூச்சு வாங்கியதால் மருத்துவரிடம் போயிருக்கிறான். என்ன வேலை என்று கேட்டாராம். பழைய இரும்பு என்றானாம். ஆசிட் என்று சொன்னால் போலீசில் சொல்லிவிடுவாரோ என்று பயம். இன்று வரை எந்த மருத்துவச் சீட்டிலும் அந்தச் சொல் இல்லை. கோலாரிலிருந்து திரும்பிய எங்கள் தாத்தாவின் இருமலுக்கும் ஊரில் பேர் இருந்ததில்லை. 'ஒத்துக்காத தண்ணி' என்பார்கள்.

அன்றைக்குப் புறப்படும்போது அவனிடம் சொன்னேன், "அந்தக் கதையில ஒண்ணு விட்டுட்டேம்ப்பா" என்று. அவனுக்குப் புரியவில்லை. "அதெல்லாம் கரெக்டாத்தான் சார் சொன்னீங்க, மூணுக்கு ஒண்ணு" என்றான்.

ஐந்து போன்களைக் கொடுத்தேன். ஆறாவது நோக்கியா 1100. என் மனைவி கடைசி நேரத்தில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மகன் வேலை கிடைத்த அன்று அனுப்பிய குறுஞ்செய்தி அதில் இருக்கிறதாம், சார்ஜர்தான் இல்லை. "நம்மகிட்ட மூட்டை மூட்டையா கெடக்கும்மா, அடுத்த தடவை எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஐந்து போனுக்கு ஒரு குடம் கொடுத்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நீல நிறக் குடம், கொல்லையில் இருக்கிறது.

நம் மாணவர்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலோ, மாவட்டத் தொழில் மையத்திலோ வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். குட்டியானை வைத்துத் திரட்டுகிற ஒருவன், அங்கீகாரம் பெற்ற ஆலைக்கு நேராகச் சரக்குக் கொடுக்க என்ன தாள் வேண்டும், எங்கே போய்ப் பார்க்க வேண்டும்? உள்பெட்டியில் எழுதுங்கள். நெஞ்சக மருத்துவராக இருக்கும் நம் பெண்ணும் இதைப் படித்தால் ஒரு வார்த்தை பேசு அம்மா. சார்ஜரோடு சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.